இயேசு என்ன செய்வார்? முதலில், என்ன செய்தார்?

(வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரின் பதில்கள்)

தினமும் ஒரு அதிகாரம் என்று சுவிசேஷம் வாசிக்கிறேன். புத்தகத்தை மூடினால் ஒன்றும் நினைவில் இல்லை. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைகள் என்பதால் கண் தானாக ஓடிவிடுகிறது. இயேசுவின் வாழ்க்கையைத் தியானிப்பது என்றால் உண்மையில் என்னதான் செய்ய வேண்டும்?
– வேலைக்குப் போகும் தாய் ஒருவர்

முதலில் அதிகாரக் கணக்கை விடுங்கள். ஒரு காட்சி போதும். அதையே ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இறையியல் கல்லூரி வாசலை மிதிக்காதவள். நர்ஸாக இருந்தேன், பெரும்பாலும் நைட் டியூட்டி. சுவிசேஷம் வாசிக்கக் கற்றுக்கொடுத்ததும் அந்த வேலைதான். கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்தால் நாங்கள் கதை வாசிப்பதில்லை. எத்தனை நாளாக இருக்கிறது, கூட வந்தவர் யார், இதற்கு முன் எங்கே காட்டினார்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று தேடுவோம். அதே கண்ணோடு மாற்கு சுவிசேஷத்தின் 5-ஆம் அதிகாரப் பின்பாதியை எடுத்துப் பாருங்கள். ஜெப ஆலயத் தலைவன் யவீரு காலில் விழுகிறார். மகள் சாகக் கிடக்கிறாள், வயது பன்னிரண்டு. இயேசு உடனே கிளம்புகிறார். வழியில், பன்னிரண்டு வருடமாக இரத்தப்போக்கு உள்ள பெண் கூட்டத்துக்குள் புகுந்து பின்னாலிருந்து அவர் ஆடையைத் தொடுகிறாள். குணமாகிவிட்டது. அதோடு போயிருக்கலாம். ஆனால் அவர் நின்று, யார் தொட்டது என்று கேட்கிறார். சீஷர்களுக்கே எரிச்சல். இவ்வளவு கூட்டம் நெருக்குகிறது, யார் தொட்டது என்று கேட்கிறீரே என்கிறார்கள். அவரோ சுற்றிலும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவள் நடுங்கிக்கொண்டே வந்து முழுக்கதையையும் சொல்கிறாள்.

பன்னிரண்டு வருடக் கதை. எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? இந்த இடத்தில் நான் யவீருவின் பக்கம் போய் நின்றுகொள்வேன். அவசர கேஸ் ஒன்று காத்திருக்கும்போது டாக்டர் வேறொரு நோயாளியிடம் நின்று பேசிக்கொண்டிருந்தால் குடும்பத்தார் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே வீட்டிலிருந்து ஆள் வந்துவிடுகிறது: மகள் இறந்துவிட்டாள். யவீரு அப்போது என்ன சொன்னார் என்று மாற்கு எழுதவில்லை. அந்த மௌனத்தில் ஒருநாள் முழுக்க உட்காரலாம்.

அப்புறம் வீட்டுக்குப் போகிறார்கள், சிறுமி எழுந்து நடக்கிறாள், எல்லோரும் மலைத்து நிற்கிறார்கள். அவர் சொல்வது, இவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று. எத்தனை நாளாக ஆகாரம் இறங்காத பிள்ளையோ! அற்புதத்தைப் பார்த்த பரபரப்பில் அது தாய்க்கே தோன்றவில்லை, இவருக்குத் தோன்றியிருக்கிறது. இந்த வரிக்காகவே அவரை நம்பலாம் என்று எனக்குப் பட்டதுண்டு.

(நடுவில் ஒரு வேடிக்கை. இந்தப் பெண் பல வைத்தியர்களிடம் கையிலிருந்ததை எல்லாம் செலவழித்தும் நோய் இன்னும் மோசமானது என்கிறார் மாற்கு. லூக்காவும் இதே சம்பவத்தை எழுதியிருக்கிறார். யாராலும் குணமாக்க முடியவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார், மோசமானதைச் சொல்லவில்லை. லூக்கா வைத்தியர் என்று கொலோசெயர் நிருபம் சொல்கிறது. தொழில் விசுவாசம்!)

இப்படி வாசிப்பது என் கண்டுபிடிப்பு இல்லை. 1521-ல் ஸ்பெயினின் பாம்பலோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிக் கிடந்த படைவீரர், பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார், பொழுதுபோக்க வீரதீரக் கதைகள் கேட்டார். வீட்டில் அவை இல்லாததால் இயேசுவின் வாழ்க்கையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேறு வழியில்லாமல் அதை வாசித்தவர், பிற்பாடு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை இதுதான்: காட்சிக்குள் போ, இடத்தைப் பார், பேசுவதைக் கேள், நீயும் ஒரு ஓரமாய் நில். பஸ்ஸில் போகும்போதும், குழந்தை தூங்கக் காத்திருக்கும்போதும் இதைச் செய்யலாம். புத்தகம்கூட வேண்டாம், காலையில் ஒருமுறை வாசித்திருந்தால் போதும்.

எந்த முடிவு எடுக்கும் முன்பும், 'இயேசுவாக இருந்தால் என்ன செய்வார்' என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் வருகிற பதில், 'சரி என்று சொல்லுவார்'. அலுவலகத்தில் அடுத்தவர் வேலையும் என் தலையில், சபையில் எல்லாக் குழுவிலும் என் பெயர், உறவினர்களுக்கு எடுபிடி. ஓய்ந்துபோய்விட்டேன். ஆனால் மறுத்தால் குற்றவுணர்வு.
– இளைஞர் ஒருவர்

தம்பி, கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அவர் என்ன செய்வார் என்று நாமாக யூகிக்கும் முன், என்ன செய்தார் என்று போய்ப் பார்க்க வேண்டாமா? யூகத்தில் வருகிற இயேசு பெரும்பாலும் நம் பயங்களுக்கு அங்கி மாட்டிவிட்ட ஆள். உங்களுடையவர் யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவர் போலிருக்கிறது. சுவிசேஷத்தில் இருப்பவர் அப்படி இல்லை.

மாற்கு முதல் அதிகாரத்தில் கப்பர்நகூமில் ஒருநாள் வருகிறது. காலையில் ஜெப ஆலயம், பிறகு பேதுருவின் மாமியாருக்குக் காய்ச்சல், சூரியன் மறைந்ததும் ஊரே வாசலில். பலரைக் குணமாக்குகிறார். மறுநாள் இருட்டோடு எழுந்து தனியான இடத்துக்குப் போய் ஜெபம் செய்கிறார். பேதுருவும் மற்றவர்களும் தேடிப்பிடித்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார்கள். நீங்களாக இருந்தால் ஓடியிருப்பீர்கள். அவர் சொன்னது, வாருங்கள், அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்று. அன்றைக்குக் காலை பேதுருவின் வாசலில் எத்தனை பேர் ஏமாந்து திரும்பினார்களோ!

எருசலேமில் பெதஸ்தா குளத்து மண்டபங்களில் நோயாளிகள் கூட்டமாகப் படுத்திருந்தார்கள் என்கிறார் யோவான். முப்பத்தெட்டு வருடமாக நோயாளியாக இருந்த ஒருவரிடம் போனார், அவரை எழுப்பினார். அந்த மண்டபத்தில் வேறு யாரையும் எழுப்பியதாக எழுதவில்லை. முதன்முதலில் கவனித்தபோது எனக்கு இது கசந்தது. ஆனால் முழு வார்டைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு இது புரியாமல் போகாது. எல்லாக் கட்டிலையும் ஒரே சமயத்தில் பார்க்கிறவள் ஒரு கட்டிலையும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொரு நாள், கூட்டத்தில் ஒருவன் எழுந்து, சொத்தைப் பங்குபோடும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்கிறான். நியாயமான வழக்காகவே இருக்கலாம். "மனுஷனே, என்னை உங்களுக்கு நியாயாதிபதியாகவும் பங்கிடுகிறவனாகவும் வைத்தவன் யார்" என்று கேட்டார். இது என் வேலை இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அப்புறம் அந்தப் படகு. 1986-ல் கலிலேயாக் கடலில் தண்ணீர் வற்றியபோது, ஏறக்குறைய இயேசுவின் காலத்துப் படகு ஒன்று கரைச் சேற்றிலிருந்து வெளிப்பட்டது. நீளம் 8 மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 2.3 மீட்டர். பலவகை மரத்துண்டுகளை ஒட்டுப்போட்டு ஓட்டி, ஓட்டித் தேய்ந்த படகு. அந்த அளவுள்ள படகில், கூட ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருக்க, அலை உள்ளே அடிக்க, பின்பக்கம் தலையணையில் தலைவைத்து அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்கிறார் மாற்கு. அன்று பகலெல்லாம் கரையிலிருந்த கூட்டத்துக்குப் போதித்த களைப்பு. தூங்கியதற்காக அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. எழுப்பியவர்களைத்தான் கடிந்துகொண்டார்.

இதைப் படித்துவிட்டு நாளை முதல் எல்லோருக்கும் கதவைச் சாத்திவிடாதீர்கள். மாற்கு 6-ல், சாப்பிடக்கூட நேரமில்லாத சீஷர்களைக் கூட்டிக்கொண்டு ஓய்வுக்காகத் தனியிடம் போகிறார். ஜனங்கள் கால்நடையாக ஓடி முந்திக்கொண்டு அங்கே நிற்கிறார்கள். மனதுருகி அவர்களுக்குப் போதிக்கிறார். ஆக, மறுத்ததும் உண்டு, இணங்கியதும் உண்டு. ஆனால் கப்பர்நகூம் மறுப்பு இருட்டில் தனியே ஜெபித்த பிறகு வந்தது. உங்களுடைய 'சரி' எப்போது வருகிறது? கேட்டவர் வாயை மூடுவதற்குள். இந்த வாரம் யார் எதைக் கேட்டாலும், "நாளைக்குச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் என்னை அவமானப்படுத்துகிறார். நான் கிறிஸ்தவன் என்பதால் மறு கன்னத்தைக் காட்ட வேண்டும் என்று பேசாமல் இருக்கிறேன். சரிதானே?
– கணக்குப் பிரிவில் வேலை செய்பவர்

அந்த வசனத்தைச் சொன்னவரையே ஒருநாள் அறைந்தார்கள். பிரதான ஆசாரியன் முன் விசாரணையில், சேவகன் ஒருவன் அறைந்தான். அவர் பதிலுக்கு அடிக்கவில்லை, சபிக்கவுமில்லை. "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18). கை கட்டப்பட்டிருந்த நிலையில் கேட்ட கேள்வி.

அடுத்த முறை நீங்களும் அதையே கேட்கலாம். குரலை உயர்த்தாமல், தனியாக: "சார், என் வேலையில் தப்பு இருந்தால் எது என்று சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். இல்லையென்றால் எல்லோர் முன்னாலும் ஏன் அப்படிப் பேசினீர்கள்?" மனதுக்குள் அவரை நூறு முறை வெட்டிப்போட்டுக்கொண்டு வெளியே பேசாமல் இருப்பதற்கு மறு கன்னம் என்று பெயர் வைக்காதீர்கள்.

என் கணவர் என்னை அடிக்கிறார். பல வருடமாக. சொன்னால், "அது உன் சிலுவை, சுமந்துகொள்" என்கிறார்கள். இயேசுவைப் பின்பற்றுவது இதுதானா?
– பெயர் வேண்டாம்

இல்லை.

அப்படிச் சொன்னவர்கள் லூக்கா 4-ஐ ஒருமுறை வாசிக்கட்டும். நாசரேத்து ஊரார் அவரை மலையின் விளிம்புவரை தள்ளிக்கொண்டு போகிறார்கள், கீழே உருட்டிவிட. அவர் அவர்கள் நடுவிலிருந்து விலகிப் போய்விட்டார். யோவான் 8-ல் கல்லெடுத்தார்கள், மறைந்து வெளியேறினார். 10-ல் பிடிக்கப் பார்த்தார்கள், கைக்குத் தப்பிப் போனார். சிலுவைக்குப் போனபோது, ஒருவனும் என் உயிரை என்னிடமிருந்து எடுப்பதில்லை, நானே கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்குள் ஒருவர் கையை ஓங்குவதும் அதுவும் ஒன்றல்ல. உங்கள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு. நம்பகமான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். காயம் இருந்தால் மருத்துவமனையில் காட்டி, எப்படி ஏற்பட்டது என்ற உண்மையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். "வழுக்கி விழுந்துவிட்டேன்" என்று சொன்ன பெண்களின் காயத்துக்கு நான் நிறையக் கட்டுப் போட்டிருக்கிறேன். எழுதப்பட்ட உண்மை பின்னால் உதவும். மன்னிப்பதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம், அவசரமில்லை. மன்னிப்பதற்காக அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை.

இயேசு சிரித்தாரா?
– பள்ளி மாணவி

அழுதார் என்று இருக்கிறது, லாசருவின் கல்லறைக்குப் போகும்போதும் எருசலேமைப் பார்த்தபோதும். சிரித்தார் என்று எங்கும் எழுதவில்லை. ஆனால் எதிரிகள் அவரைப் "போஜனப்பிரியன்" என்று கிண்டல் செய்திருக்கிறார்கள். கடுகடுத்த முகத்துக்காரரை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், விருந்துக்கும் கூப்பிட மாட்டார்கள். கொசுவை வடிகட்டிவிட்டு ஒட்டகத்தை விழுங்குகிறீர்கள் என்று அவர் சொன்னபோது கூட்டத்தில் ஒருவராவது சிரித்திருப்பார். சொன்னவர் முகத்தை நீயே கற்பனை செய்துகொள்.

கூடப்பிறந்தவரே என்னை ஏமாற்றிப் பணத்தை எடுத்துக்கொண்டார். மன்னித்துவிட்டேன் என்று ஜெபத்தில் சொல்கிறேன். ஆனால் அவரைப் பார்த்தால் வயிறு எரிகிறது. "சின்ன விஷயம், விட்டுவிடு" என்கிறார்கள். நான்தான் கல்நெஞ்சக்காரனா?
– வியாபாரி ஒருவர்

சின்ன விஷயம் என்று சொல்கிறவர்களின் பணம் போகவில்லை, அவ்வளவுதான்.

மத்தேயு 18-ல் உள்ள உவமையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், நீங்கள் வியாபாரி. ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியனுக்கு முழுக்கடனும் தள்ளுபடி ஆகிறது. வெளியே வந்ததும், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய ஒருவனின் கழுத்தைப் பிடிக்கிறான். இந்த நூறு ஏதோ சில்லறை என்பதுபோலத்தான் பிரசங்கத்தில் கேட்டிருப்போம். ஆனால் திராட்சத் தோட்ட உவமையில் ஒருநாள் கூலி ஒரு பணம். ஆக நூறு பணம் என்பது கூலிக்காரனுக்கு மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட உழைப்பு. போனால் வலிக்கிற தொகை. உமது நஷ்டம் ஒன்றுமில்லை என்று இயேசு யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொரு பக்கம், ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 பணம். பதினாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள் கூலி. ஏரோது அந்திப்பாவுக்குக் கலிலேயாவிலிருந்தும் பெரேயாவிலிருந்தும் வருடத்துக்கு 200 தாலந்து வரி வந்தது என்று அக்கால வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். அந்த வருமானமே ஐம்பது வருடம் சேர்ந்தால்தான் பதினாயிரம். கேட்டவர்கள் வாயைப் பிளந்திருப்பார்கள். உங்கள் நூறு நிஜமான நூறு, உங்களுக்குத் தள்ளுபடியான தொகையோ எண்ணி முடிக்க முடியாதது. இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்கச் சொல்கிறது உவமை.

வயிறு எரிவதைப் பற்றி: ஏழு முறை மன்னித்தால் போதுமா என்று பேதுரு கேட்க, ஏழெழுபது முறை என்றார். ஒரே குற்றத்தையே அத்தனை முறை மன்னிக்க வேண்டியிருக்கும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு முறை அவர் முகத்தைப் பார்க்கும்போதும் ஒன்று. அதனால் உங்கள் ஜெபம் பொய்யில்லை, இன்னும் முடிந்தபாடில்லை, அவ்வளவே. இன்னொன்றும் சொல்லவேண்டும். அதே அதிகாரத்தில், குற்றம் செய்த சகோதரனிடம் தனியே போய் அவன் குற்றத்தை எடுத்துச் சொல் என்றும் இருக்கிறது. மன்னித்துவிட்டேன் என்று கடவுளிடம் சொன்னீர்கள். நீ இதைச் செய்தாய் என்று அவரிடம் சொன்னீர்களா?

இயேசுவின் உண்மையான சீஷன் எல்லாவற்றையும் விற்றுத்தான் ஆகவேண்டுமா?
– சேமிப்பைப் பற்றிக் கவலைப்படும் ஒருவர்

விற்றுக் கொடுத்துவிடு என்று அவர் சொன்னது ஒரு பணக்காரனிடம். சொல்வதற்கு முன் அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்ற சொற்கள் மாற்குவில் மட்டும் இருக்கின்றன. அவன் துக்கத்தோடு போய்விட்டான். எரிகோவின் வரிவசூல் தலைவன் சகேயு பாதியை ஏழைகளுக்கும், அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகவும் கொடுக்கிறேன் என்றபோது, மீதிப் பாதி எங்கே என்று இவர் கேட்கவில்லை. ஏரோதின் காரியக்காரனான கூசாவின் மனைவி யோவன்னாளும் சூசன்னாளும் இன்னும் பல பெண்களும் தங்கள் ஆஸ்தியிலிருந்து அவருக்கும் சீஷர்களுக்கும் செலவழித்தார்கள் (லூக்கா 8). கையில் வைத்துக்கொண்டிருந்ததால்தான் செலவழிக்க முடிந்தது.

ஆளுக்கு ஒரு கணக்கு. அதனால் தப்பித்தோம் என்று மூச்சுவிடாதீர்கள். அவரிடம் நெருங்கி வந்து நிலைத்தவர்களில் பணப்பை அசையாமல் இருந்த பணக்காரர் ஒருவரை எனக்குக் காட்டுங்கள், பார்ப்போம். உங்கள் கடிதத்தில் சேமிப்பு என்ற சொல் ஆறு இடத்தில் வருகிறது.

அம்மாவுக்குக் குணமாக வேண்டும் என்று இரண்டு வருடமாக ஒரே ஜெபம். புதிதாகச் சொல்ல வார்த்தையே இல்லை. இப்போதெல்லாம் ஜெபிக்கும்போது தூங்கிவிடுகிறேன். விசுவாசம் போய்விட்டதா?
– மகள்

பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில், இந்தத் துன்பப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று இயேசு மூன்று முறை ஜெபித்தார். இரண்டாம் முறை போனபோது அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்கிறார் மாற்கு. அவருக்கும் புதிய வார்த்தை வரவில்லை. கேட்டது கிடைக்கவும் இல்லை, பாத்திரம் நீங்கவில்லை. ஆகவே பழைய வார்த்தையையே சொல்லுங்கள் அம்மா, வெட்கப்பட வேண்டாம்.

தூக்கத்தைப் பற்றி. அதிகாலை மூன்று மணிக்கு வார்டு வராந்தாவில் நடந்தால், பெஞ்சில் உட்கார்ந்தபடியே, பிளாஸ்க்கை மடியில் அணைத்துக்கொண்டு தூங்குகிற மகன்களையும் மகள்களையும் பார்ப்பேன். அன்பில்லாதவர் வீட்டில் மெத்தையில் தூங்குவார். சீஷர்கள் துக்கத்தினாலே தூங்கினார்கள் என்று லூக்கா ஒரு காரணம் எழுதியிருக்கிறார். வைத்தியர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. ஆவி உற்சாகமுள்ளது, மாம்சமோ பலவீனமுள்ளது என்று இயேசு சொன்னதும் அந்தத் தூங்குமூஞ்சிகளைப் பார்த்துத்தான். இன்றைக்கு வேறு யாரையாவது அம்மா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் படுத்துத் தூங்குங்கள்.

பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறேன். முன்பு முதியோர் இல்லங்களுக்குப் போய்ச் சேவை செய்தவன். இப்போது குளிக்கக்கூட அடுத்தவர் கை வேண்டும். இனி நான் எப்படி இயேசுவைப் பின்பற்றுவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஐயா, உங்கள் கடிதத்தை வேறொருவர் கையெழுத்தில் பார்த்தேன். சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறார்கள்.

காலைக் கழுவுவது எப்படி என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். தண்ணீரின் சூட்டை நம் மணிக்கட்டில் பார்க்க வேண்டும், நோயாளியின் காலில் அல்ல. குதிகாலை உள்ளங்கையில் தாங்கிக்கொள்ள வேண்டும். கடைசியில் விரலிடுக்கு ஒவ்வொன்றையும் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் வெந்துவிடும். யோவான் 13-ல், இயேசு சீஷர்களின் காலைக் கழுவி, இடுப்பில் கட்டிய துவாலையால் துடைக்கவும் செய்தார் என்று எழுதியிருக்கிறது. கழுவியதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். துடைத்ததும் என் கண்ணுக்குப் பட்டது. யூதாசும் அப்போது வெளியே போயிருக்கவில்லை.

கழுவுவது எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. கழுவப்படுவதுதான் மனிதர்களுக்குக் கஷ்டம். அதிகாரியாக இருந்தவர்கள், பள்ளியில் பிள்ளைகளை நடுங்கவைத்தவர்கள் எல்லாம் போர்வையைப் பிடித்துக்கொண்டு, நானே பார்த்துக்கொள்கிறேன் சிஸ்டர் என்பார்கள். பேதுருவும் அதைத்தான் சொன்னார், ஒருக்காலும் என் கால்களைக் கழுவக்கூடாது என்று. வந்த பதில் கடுமையானது: "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை." பன்னிரண்டு பேரில் யாரும் அன்று பதிலுக்குக் கழுவ முன்வந்ததாக இல்லை. காலை நீட்டினார்கள், அன்றைய சீஷத்துவம் அவ்வளவுதான்.

அவரே வாங்கிக்கொண்டவர்தான். சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். பெத்தானியாவில் ஒரு பெண் தலையில் தைலம் ஊற்றியபோது, வீண் செலவு என்று மற்றவர்கள் முறுமுறுத்தார்கள். அவளை விட்டுவிடுங்கள் என்று சொல்லி, அசையாமல் ஏற்றுக்கொண்டார். சிலுவையைச் சுமக்க சிரேனே ஊரானாகிய சீமோனை வலுக்கட்டாயமாகப் பிடித்தார்கள். கடைசி மணி நேரங்களில் அவரால் கையைக் காலை அசைக்க முடியவில்லை, தாகமாயிருக்கிறேன் என்று சொல்லத்தான் முடிந்தது. வாய் மட்டும் இருந்தது. அந்த வாயால் அம்மாவை ஒரு சீஷன் பொறுப்பில் விட்டார், பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்கு ஆறுதல் சொன்னார்.

உங்களுக்கும் வாய் இருக்கிறது. எங்கள் வார்டில் ஒரு பெரியவர் இருந்தார், இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்போம். நடு ராத்திரியில் புரட்டும்போதும், "உன் முதுகு வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்பார். போன வாரம் போகிறபோக்கில் சொன்னதை ஞாபகம் வைத்திருப்பார். அந்தக் கட்டிலுக்கு டியூட்டி போட்டால் யாரும் முகம் சுளித்ததில்லை. உங்களைக் குளிப்பாட்டுகிறவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா, என்ன படிக்கிறார்கள் என்று தெரியுமா? ஆசிரியர் நீங்கள், கேட்டுப் பாருங்கள். பாடத்தில் ஏதாவது சந்தேகம் இருந்தாலும் இருக்கும்.

நான் கிறிஸ்தவன் இல்லை. இயேசுவைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?
– புதிய வாசகர்

மாற்கு சுவிசேஷம். பதினாறே அதிகாரம், நான்கிலும் சின்னது. ஓர் உட்காரலில் முடித்துவிடலாம், முடிந்தால் வாய்விட்டு வாசியுங்கள். 8-ஆம் அதிகாரத்தில் பெத்சாயிதாவின் குருடன் வரும்போது கொஞ்சம் நில்லுங்கள். கண்களில் கைவைத்துவிட்டு, எதையாவது காண்கிறாயா என்று இயேசு கேட்கிறார். மனிதர்கள் மரங்களைப்போல நடக்கிறார்கள் என்கிறான் அவன். மறுபடி கைவைக்கிறார். குணமானதா என்று அவர் நோயாளியிடம் கேட்டு, இன்னும் இல்லை என்று பதில் வாங்கிய இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகப் பழைய இரண்டு முழுப் பிரதிகளில் மாற்கு 16:8-லேயே முடிந்துவிடுகிறது. பெண்கள் கல்லறையிலிருந்து பயந்து ஓடுகிறார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நீங்களும் முதல் வாசிப்பில் அங்கேயே நிறுத்துங்கள். என்ன தோன்றியது என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் அதையே முதல் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன்.